பாதரசத்தைப் படம் பிடிப்பது எப்படி? கொடைக்கானலும் எண்ணூரும்

முதலில் நாலு தேதிகளை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

2001 மார்ச்: கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்படுகிறது.
2006: அங்கே வேலை பார்த்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.
2015 ஜூலை கடைசி: 'கொடைக்கானல் வோண்ட்' என்ற ராப் வீடியோ யூடியூபில் வெளியாகிறது.
2016 மார்ச்: 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வருகிறது.

இந்த வரிசையைப் பார்க்கிற யாருக்கும் மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். பதினாலு வருஷம் ஒண்ணும் நடக்கலை. ஒரு பாட்டு வந்துச்சு, ஏழெட்டு மாசத்துல விஷயம் முடிஞ்சுது. அப்போ போராட்டம், மனு, வழக்கு எல்லாத்தையும் விட ஒரு நல்ல வீடியோதான் பெருசா? சூழல் பிரச்சினைகளுக்காக வேலை செய்கிற இளைஞர்கள் பலர் இந்தக் கணக்கை நம்புகிறார்கள். 'நம்ம ஊர் ஏரிக்கும் அந்த மாதிரி ஒண்ணு வைரல் ஆகணும்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதி என்ன என்று பார்க்க, கொடைக்கானலோடு எண்ணூரையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். அதற்காகச் சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இவை.

தொழிற்சாலை வந்த கதை

பாண்ட்ஸ் என்றால் நம் வீடுகளில் பவுடர். முகத்துக்குப் பூசுகிற அந்த பாண்ட்ஸின் அமெரிக்கத் தாய்க் கம்பெனிக்கு செசிப்ரோ-பாண்ட்ஸ் என்று பெயர். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஊரில் அதற்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது அங்கிருந்து கிளம்பி கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தது. 1987-ல் செசிப்ரோ-பாண்ட்ஸை யுனிலீவர் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, அப்போது இந்துஸ்தான் லீவர் என்றிருந்த கம்பெனியோடு இணைந்தது. தொழிற்சாலையும் கூடவே கைமாறியது.

தெர்மாமீட்டர் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி, சுத்தம் என்றுதான் நினைப்பு ஓடும். ஆனால் செய்கிற இடத்தில் அது கண்ணாடியும் பாதரசமும். கண்ணாடி உடையும், பாதரசம் சிந்தும். அறை வெப்பத்திலேயே பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தொடர்ந்து சுவாசித்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். போதுமான பாதுகாப்புக் கருவிகள் தரப்படவில்லை என்பதும், உடுப்பிலேயே பாதரசம் வீடு வரை வந்தது என்பதும் தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. வேலையால் யாருக்கும் உடல்நலப் பாதிப்பு ஏற்படவில்லை என்பது கம்பெனி கடைசி வரை சொன்ன பதில்.

2001 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தது ஒரு காயலான் கடை வழியாக. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த பழைய சாமான் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் உலகுக்குக் காட்டினார்கள். அதே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு, மறுசுழற்சிக்குப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். இது தலைகீழாக நடந்தது. அந்த நாளில் இதுவே பெரிய வெற்றி.

ஆனால் தொழிற்சாலை வளாகத்து மண்ணில் ஊறிப்போன பாதரசம் அங்கேயே இருந்தது. அந்த வளாகத்துக்குக் கீழேதான் பாம்பார் சோலை. அந்தச் சரிவில் இறங்குகிற தண்ணீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. தொழிலாளர்களின் உடம்பும் அங்கேயே இருந்தது.

மினமாட்டாவில் படம் இருந்தது

பாதரசத்தையும் படத்தையும் சேர்த்துப் பேசினால் ஜப்பானின் மினமாட்டாவைத் தாண்டிப் போக முடியாது. சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனியின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் சாப்பிட்ட மனிதர்களை முடக்கியது. நோய் 1956-ல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1971-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் தன் மனைவி அய்லீனோடு அங்கே போய்த் தங்கினார். கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த மகளை ஒரு தாய் குளியல் தொட்டியில் ஏந்திக் குளிப்பாட்டும் படத்தை எடுத்தார். 1972-ல் 'லைஃப்' பத்திரிகையில் அது வந்தது. உலகத்துக்கே மினமாட்டா என்றால் அந்தப் படம்தான் என்று ஆனது. 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

இங்கேயும் தேதிகளை மட்டும் பார்த்தால் 'படம் வந்தது, தீர்ப்பு வந்தது' என்று தோன்றும். ஆனால் நோயாளிகள் வழக்குப் போட்டது 1969-ல், ஸ்மித் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே. அதற்கும் முன்னால், 1959-லேயே கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹொசொகாவா பூனைகளுக்குக் கழிவைக் கலந்து கொடுத்துச் சோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். கம்பெனி அதை மூடி மறைத்தது. அந்தச் சாட்சியம்தான் நீதிமன்றத்தில் பேசியது. படம், அந்தத் தீர்ப்பு வருவதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தது. இரண்டும் வேறு வேறு வேலை.

இன்னொன்றும் குறித்துக்கொள்ள வேண்டும். 1990-களின் கடைசியில், குடும்பத்தாரின் மனதை மதித்து, அந்தப் படத்தை இனி வெளியிடுவதில்லை என்று அய்லீன் ஸ்மித் முடிவு செய்தார். மகள் 1977-லேயே இறந்துவிட்டாள். இத்தனை வருஷம் உலகம் பார்த்தது போதும், அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். ஒரு நோயாளியின் உடம்பைப் போராட்டத்தின் முகமாக்கினால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது படம் எடுத்தவரோ பார்த்தவரோ இல்லை.

கொடைக்கானலில் காட்ட என்ன இருந்தது?

மினமாட்டாவில் வளைந்த விரல்கள் இருந்தன. கொடைக்கானலில் அப்படி எதுவும் கிடையாது. உலோகப் பாதரச ஆவி செய்கிற கேடு பெரும்பாலும் உள்ளுக்குள்ளே. கை நடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு: இதையெல்லாம் ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது? தலைவலி என்று சொல்கிற ஒருவரைப் படம் எடுத்தால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும். போதாக்குறைக்கு ஊர் வேற கொடைக்கானல்! மூடுபனி, ஏரி, படகு. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் தேனிலவு போஸ்டர்தான் வரும்.

அதனால் அந்தப் பதினாலு வருஷமும் சேர்ந்தது எல்லாம் காகிதமே. மண் மாதிரிகள், தண்ணீர் மாதிரிகள், மருத்துவக் குறிப்புகள், நீதிமன்ற மனுக்கள், கமிட்டி அறிக்கைகள். ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் விஞ்ஞானிகள், கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் எல்லாவற்றையும் சோதித்து, தொழிற்சாலையால் ஏரியில் பாதரச மாசு ஏற்பட்டிருக்கிறது என்று 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலாளர் சங்கத்தினர் மலையிறங்கி சென்னைக்கு வந்து வந்து வழக்கை உயிரோடு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் பார்க்க யாரும் 'லைக்' போடமாட்டார்கள். ஆனால் பின்னால் வந்த பாட்டில் சொல்வதற்கு விஷயம் இருந்தது இதனால்தான்.

2015: மூன்று நிமிடம்

பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். போபால் விஷயத்தில் டவ் கம்பெனியைக் கேள்வி கேட்டு ஏற்கெனவே ராப் பாடியிருந்தார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். பின்னால் இருந்தது ஜட்கா என்ற இணையப் பிரசார அமைப்பும், நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் சேர்ந்த சென்னையின் வெட்டிவேர் கலெக்டிவும். இந்த ஜெயராமன் 2001-லிருந்தே கொடைக்கானல் விஷயத்தில் இருப்பவர். அதாவது காகிதம் சேர்த்தவர்களும் பாட்டுப் போட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் கிடையாது. இந்த ஒரு தகவலை எல்லாரும் கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க.

மெட்டு சொந்த மெட்டு இல்லை. அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாட்டின் மேல் புது வரிகளை ஏற்றினார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே காதில் ஓடிக்கொண்டிருக்கிற தாளம். தெரிந்த மெட்டில் தெரியாத விஷயத்தைச் சொல்வது நமக்குப் புதிதில்லை. சினிமாப் பாட்டு மெட்டில் தேர்தல் பிரசாரம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். சில நாட்களிலேயே பார்வை பத்து லட்சத்தைத் தாண்டியது. நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். யுனிலீவரின் அப்போதைய உலகத் தலைவர் பால் போல்மேன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நான் முக்கியமாக நினைப்பது வேறு ஒன்று. அந்தப் பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளர்கள் தமிழ் பேசுகிறவர்கள். 'யாருக்காகப் பாடுறீங்களோ அவங்களுக்கே புரியாத பாட்டா?' என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொழிலாளிக்கு அவர் கதையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிய வேண்டியது சோப்பு, ஷாம்பு, ஐஸ்கிரீம் வாங்குகிற உலகத்து நகரவாசிக்கு. அந்த வாடிக்கையாளரின் நல்லெண்ணம்தான் கம்பெனியின் முதல். யுனிலீவர் அந்த வருஷங்களில் 'நிலைத்த வாழ்வு' பற்றி உலக மேடைகளில் நிறையப் பேசிக்கொண்டிருந்த கம்பெனியும்கூட. உயர்ந்த இடத்தில் நின்று பேசுகிறவர் காலடியில் கல்லை நகர்த்தின மாதிரி ஆயிற்று.

வீடியோவில் முடங்கிய உடம்புகளைக் காட்டி அழ வைக்கிற வேலை இல்லை. கேலி இருந்தது, கோபம் இருந்தது, ஆட்டம் இருந்தது. மினமாட்டா குடும்பம் கொடுத்த விலையை இங்கே எந்தத் தொழிலாளியின் குடும்பமும் கொடுக்கவில்லை. படம் பிடிக்க முடியாத ஆவியைப் படம் பிடிக்க முயற்சி செய்யாமல், கம்பெனியின் பெயரை மட்டும் படம் பிடித்தார்கள்.

கிடைத்ததும் கிடைக்காததும்

2016 மார்ச் உடன்பாட்டில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் பணம் கிடைத்தது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது கம்பெனி. தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் பதினைந்து வருஷம் அலைந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனசு வராது.

மண் மட்டும் பாக்கி நின்றது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவில் சுத்திகரிப்புத் திட்டம் போடப்பட்டது. இங்கிலாந்தில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடக் கறாரான அளவு இருக்கும்போது, சோலைக்காட்டு விளிம்பில் இருக்கிற நம் மண்ணுக்கு ஏன் இந்தச் சலுகை என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். இது இனவெறி என்றே சொன்னார்கள். 2018-ல் 'கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்' என்று இரண்டாவது வீடியோ வந்தது. சோஃபியா அஷ்ரஃபோடு டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் பாடினார்கள். கலை என்ற அளவில் முதல் வீடியோவுக்கு அது குறைந்தது இல்லை. ஆனால் முதல் வீடியோவின் அலை அதற்கு எழவில்லை. 20 என்ற அளவும் மாறவில்லை.

ஏன்? 'தொழிலாளிக்கு நஷ்ட ஈடு கொடு' என்பது ஒரு வரியில் புரிகிற கோரிக்கை. 'கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்' என்பது அப்படி இல்லை. பாதி கேட்ட உடனேயே கண் வேற பக்கம் போயிடும். தவிர, பணம் கொடுத்தாகிவிட்டது என்றதும் 'அது முடிஞ்ச கதையாச்சே' என்ற எண்ணம் பார்க்கிறவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. முதல் வீடியோவின் வெற்றியே இரண்டாவதன் பாதையை அடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

எண்ணூர்: எதிரே முகம் இல்லாதபோது

இதே குழுவின் இன்னொரு வேலை 2017 பொங்கல் அன்று வெளியான 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கருத்து நித்யானந்த் ஜெயராமன், வரிகள் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இயக்கம் ரதீந்திரன் பிரசாத். 2015 டிசம்பர் வெள்ளத்தின் ஈரம் சென்னைக்காரர்கள் மனதில் காயாத நேரம். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலக பைரவி, சிந்து பைரவி என்று ராகமாலிகை. மொழியோ பச்சைச் சென்னைத் தமிழ். கச்சேரி சபாவில் இல்லை, எண்ணூர்க் கழிமுகத்தில்.

புறம்போக்கு வருவாய்த் துறைச் சொல். தனியார் பட்டாவுக்கும் வரி வசூலுக்கும் புறம்பாக விடப்பட்ட பொது நிலம்: ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, பாதை, சுடுகாடு. வரி வராத நிலம் என்பதிலிருந்து உதவாத நிலம் என்று ஆகி, கடைசியில் உதவாத ஆளைத் திட்டுகிற வார்த்தையாக இறங்கிவிட்டது. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற கழிமுகம் அப்படி ஒரு புறம்போக்கு. சுற்றிலும் அனல் மின் நிலையங்கள், துறைமுகம், நிலக்கரி. சாம்பல் கொண்டு போகிற குழாய்கள் கசிந்து ஆற்றுப் படுகையே சாம்பலானது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இறால் பிடித்த தண்ணீர் அது.

கிருஷ்ணா அந்தச் சாம்பலுக்கு நடுவே நின்று பாடுவதையும், முகமூடி மாட்டிக்கொண்டு நிற்பதையும் பார்க்கிறபோது, எண்ணூரைப் பற்றி எந்த அறிக்கையும் படிக்காதவருக்கும் ஏதோ உறைக்கும். பாட்டு பரவியது. புறம்போக்கு என்ற சொல்லைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிற ஒரு தலைமுறை உருவானது. இரண்டு வாரம் கழித்து, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் எண்ணெயை அள்ளுகிற படங்களை நாடே பார்த்தது. அந்த வருஷக் கடைசியில் கமல்ஹாசன் கழிமுகத்துக்குப் போனார், கேமராக்களும் போயின.

ஆனால் சாம்பல்? துறைமுகம்? இங்கேதான் கொடைக்கானலோடு வித்தியாசம். எண்ணூரில் எதிர்த் தரப்பு பெரும்பாலும் அரசு மின்வாரியம், பொதுத்துறைத் துறைமுகம், பொதுத்துறை மின் நிலையம். இவற்றின் பொருளை யாரும் கடையில் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. 'இனிமே இந்த கரண்ட் வேண்டாம், வேற பிராண்ட் கரண்ட் குடு'ன்னு யாராவது கேட்க முடியுமா? வெட்கப்படுவதற்கு ஒரு முகம் வேண்டும். பவுடர் விற்கிறவருக்கு அது இருந்தது. சாம்பல் குழாய்க்கு இல்லை.

எண்ணூரில் உண்மையில் சண்டை போட்ட படம் வேறு ஒன்று, அது வரைபடம். 1990-களில் ஒப்புதல் பெற்ற கடலோர ஒழுங்காற்று வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. பிறகு திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கப் புழங்கிய வரைபடத்தில் அது காணாமல் போயிருக்கிறது என்று 2017-ல் ஆர்வலர்கள் ஆவணங்களோடு காட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய தாள் அது. ஒரு ஆற்றையே ரப்பர் வைத்து அழித்த படத்துக்கு எதிராகப் பழைய படம். அழகு ஒன்றும் இல்லை, இசை இல்லை. ஆனால் தீர்ப்பாயத்தில் மேசை மேல் வைக்கக்கூடியது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க உத்தரவிட்டது மனுக்கள், நிபுணர் குழு அறிக்கைகள் என்று வந்த நீண்ட பாதையில். அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அதே கழிமுகத்தில் படிந்தது. மறுபடி வாளி, மறுபடி படங்கள்.

இப்போது வீடியோ எடுக்கிறவர்களுக்கு

செல்போனில் ஒரு குட்டி வீடியோ, ஒரு மீம், செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய ஒரு 'ஏரி அன்றும் இன்றும்' படம். இன்றைக்கு இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. செய்யட்டும், தப்பில்லை. செய்கிறவர்கள் மூன்று கேள்விகளை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளலாம் என்று இந்த இரண்டு கதைகளையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

பார்க்கப் போவது யார், அவரைக் கண்டு பயப்படுகிறவர் யார்? எதிர்த் தரப்புக்கு வாடிக்கையாளர் இல்லையென்றால், ஓட்டுக் கேட்டு வருகிறவரையோ நீதிபதியையோ எட்டுகிற வழியை யோசிக்க வேண்டியிருக்கும்.

வீடியோ முடிந்ததும் 'இது உண்மையா?' என்று ஒருவர் கேட்டால் எடுத்து நீட்ட என்ன இருக்கிறது? கொடைக்கானலில் பதினாலு வருஷக் காகிதம் இருந்தது. அதனால்தான் கம்பெனியால் பாட்டை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியவில்லை.

வென்ற பிறகு எது பாக்கி நிற்கும்? அதைப் பற்றிப் பேச அப்போது ஆள் இருக்குமா? பாம்பார் சோலைக்கு மேலே இருக்கிற மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது இன்றைக்கும் அளந்து பார்க்க வேண்டிய விஷயம்தான். அதற்கு மெட்டுப் போட முடியாது. சோதனைக் குழாயும், அதைச் சலிக்காமல் வருஷா வருஷம் நிரப்புகிற ஒரு ஆளும் வேண்டும்.

எண்ணூர் வரைபடங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நில அளவைத் துறையின் பழைய தாள்களில் கழிமுகம் எப்படியெல்லாம் வரையப்பட்டது என்பதை அடுத்த குறிப்பில் பார்க்கலாம்.